ஊறவைக்காத இறைச்சி

ஆஷ்கோம்ப், வில்ட்ஷயர்
14 மார்ச் 1937, ஞாயிறு

அன்புள்ள சைலசுக்கு,

அப்பாவும் அம்மாவும் ஆசிகளோடு எழுதச் சொன்னது. இங்கே மூவரும் சுகம். உன் நெஞ்சுச் சளி விட்டதா, கனடாவில் பனி உருகத் தொடங்கியதா என்று அம்மா கேட்கிறாள். கையெழுத்தைப் பார்த்துப் பதறாதே, எழுதுவது உன் தங்கை ஹெஸ்டர். அப்பாவின் வலது மணிக்கட்டு முறிந்து சிம்பு வைத்துக் கட்டியிருப்பதால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன், நடுவில் என் சொந்தச் சங்கதிகளும் வரும். "மரத்துல இருந்து விழுந்தேன்னு எழுது. எந்த மரம்னு எழுதாத, சிரிப்பான்" என்கிறார். கோயிலுக்குப் பின்னால் நிற்கும் மரம்தான், பத்து வயதில் நீ விழுந்தாயே, அதே மரம். வலி குறைந்துவிட்டது, நன்றாகச் சாப்பிடுகிறார். அம்மா இரண்டு கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறாள், அதை வேலையிடத்தில் யாருக்கும் இரவல் கொடுக்காதே என்று எழுதச் சொன்னாள், போன தடவை கொடுத்துவிட்டாயாம். சிவப்புக் கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. ரொட்டிக்கடை திருமதி குவெல்ச் உன்னை விசாரித்தாள், அங்கே பெண் யாரையாவது பார்த்துவிட்டாயா என்றும் கேட்டாள். அம்மா பதில் சொல்லவில்லை, ஆனால் நீ சொன்னால் நல்லது.

என் பள்ளிச் செய்தி ஒன்று. மிஸ் லிட்ஸ்டோன் இந்தப் பருவத்துக் கட்டுரைக்குத் தலைப்பை எங்களையே தேடச் சொன்னார். நான் வல்லூறு வளர்ப்பவர்களின் கொட்டகையிலிருந்து ஊரார் வாய்க்குப் போன சொற்களைச் சேர்க்கிறேன், இதுவரை பதினேழு. காட்டில் வளர்ந்து முற்றிய பின் பிடிபட்ட வல்லூறை அப்பா 'ஹேகர்ட்' என்பார் இல்லையா, காய்ச்சலில் கிடந்து எழுந்த பாதிரியாரைப் பார்த்துத் திருமதி குவெல்ச் அதே சொல்லைச் சொன்னாள், கண் குழிந்து முகம் வாடியிருக்கிறார் என்று. பறவைகள் இறகு உதிர்க்கும் காலத்தில் அடைத்துவைக்கும் இடத்துக்கு 'மியூஸ்' என்று பேர். லண்டனில் அரசருடைய வல்லூறுகள் இருந்த இடத்தில் பிற்பாடு குதிரைகளைக் கட்டினார்களாம், பேரை மாற்றவில்லை. இப்போது மிஸ் லிட்ஸ்டோனின் அக்காள் அந்தப் பேர் கொண்ட ஒரு சந்தில் மாடி எடுத்துக் குடியிருக்கிறாள், நான் சொல்லும் வரை காரணம் தெரியாது. ஆசை காட்டி இழுப்பதை 'லூர்' என்கிறோமே, அது அப்பா கயிற்றில் கட்டிச் சுழற்றும் இறகுக்கட்டேதான். தன் கணவர் விஷயத்தில் திருமதி குவெல்ச் தினம் நாலு தடவை 'ஃபெட் அப்', அலுத்துப்போயிற்று, என்கிறாள். வயிறு நிரம்பிய வல்லூறு கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது, அதிலிருந்து வந்த சொல் என்று அப்பா சாதிக்கிறார். மிஸ் லிட்ஸ்டோன் சான்று கேட்டார். எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை, ஆகவே அதைச் சந்தேகப் பட்டியலில் வைத்திருக்கிறேன். இதைக் கேட்டு அப்பா, "சான்றா? என் தொப்பிய எடுத்துட்டுப் போய் அந்தம்மாகிட்டக் காட்டு. மூணு நாள் மழையில நனைஞ்சு கெடக்கு" என்றார்.

அந்த மூன்று நாளைத்தான் சொல்ல வருகிறேன். போன திங்கட்கிழமை தம் வல்லூறுகளின் காக்கை வேட்டையைக் காட்டக் கர்னல் கூட்டிவந்த விருந்தாளிகள் ஆறு பேர் மேட்டுக்கு வந்திருந்தார்கள். பறக்கவிட்டது டாம்சனை, இரண்டு வருடத்துக்கு முன் ஹாலந்திலிருந்து வந்த காட்டுப் பறவை. வெளியே ஒரு வாரம் தானே இரை தேடித் தின்றால் போதும், நம்மை மறந்துவிடும். டாம்சனின் கண்ணை மூடியிருந்த தோல் தொப்பியைக் கழற்றுவதற்கு முன் அப்பா வழக்கம்போல அவள் நெஞ்செலும்பைத் தடவி, இளைத்திருக்கிறாளா கனத்திருக்கிறாளா என்று பார்த்தார், கொஞ்ச நேரம் யோசித்தார், பிறகு பறக்கவிட்டார். டாம்சன் அழகாக மேலே ஏறினாள். கீழே காக்கை போவதைப் பார்த்தாள். அப்படியே திரும்பிப் போய்க் கோயில் மரத்தில் உட்கார்ந்து இறகு கோத ஆரம்பித்துவிட்டாள். அப்பா காலை பத்து மணியிலிருந்து இருட்டும் வரை இறகுக்கட்டைச் சுழற்றினார். விருந்தாளிகளில் ஒரு சீமாட்டி, "அது நம்மளப் பாக்குதா, நாம அதப் பாக்குறமா?" என்று கேட்டாளாம். செவ்வாயும் அப்படியே, மழையும் விடவில்லை. புதன் பகல் அவள் காலில் கட்டிய தோல்வார் கிளையில் சிக்கிக்கொண்டது. தலைகீழாகத் தொங்கினால் செத்துவிடுவாள் என்று அப்பா ஏறினார். வாரை விடுவித்துவிட்டார், அப்புறம் அவர் நின்ற கிளை முறிந்தது. பள்ளிக்குப் போகாமல் கீழே நின்றது நான்தான். சேற்றில் கிடந்துகொண்டே, "என்னைப் பாக்காத, இறகுக்கட்டைச் சுத்து" என்று கத்தினார். சுற்றியதில் முதல் தடவை என் காதிலேயே பட்டது. மூன்றாவது சுற்றில் டாம்சன் இறங்கி வந்து என் காலடியில் கட்டின் மேல் உட்கார்ந்தாள். அவளுக்குத் தொப்பியை மாட்டிவிட்டுத்தான் அப்பாவைத் தூக்கப் போனேன்.

கர்னல் ஒன்றும் திட்டவில்லை. "பறவை வந்தாச்சில்ல, விடு பார்கெட்டர்" என்றார். ஆனால் அப்பா விடுவதாக இல்லை. இப்போது சொல்வதை ஒரு சொல் மாற்றாமல் எழுதச் சொல்கிறார், எழுதுகிறேன். மகனே, எனக்கு ஐம்பத்தெட்டு ஆகிறது. அன்று பறவை கனமாக இருப்பதாக என் விரல் சொல்லிற்று. முந்தின நாள் ஊறவைத்த இறைச்சிதானே கொடுத்தது, கனம் எப்படி வரும், விரல்தான் தப்பு என்று பறக்கவிட்டேன். பறவை போய்விட்டது. அவளுக்கு என்ன கேடு என்று கண்டுபிடிக்கத் தெரியவில்லை. விரலும் போய்விட்டது, கண்ணும் போய்விட்டது என்றுதான் அர்த்தம். நாளைக்குக் கர்னலிடம் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லப்போகிறேன்.

சைலஸ், மேலே உள்ள வரிக்கும் இதற்கும் நடுவில் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அந்த வரியை எழுதி முற்றுப்புள்ளி வைத்த பிறகு என்னால் எழுத முடியவில்லை. "மை தீந்துபோச்சா?" என்று அப்பா கேட்டார். இல்லை என்றேன். நீ கப்பல் ஏறியபோது எனக்கு ஏழு வயது, தீனி போடும் வேலை உன்னுடையது. இப்போது என்னுடையது. பறக்கப்போவதற்கு முந்தின நாள் இறைச்சியைத் தண்ணீரில் ஊறவைத்து, சத்துப் போகப் பிழிந்து, அரை வயிறுதான் கொடுக்க வேண்டும் என்று உனக்கே தெரியும். எனக்கும் தெரியும், நோட்டிலே எழுதியே வைத்திருக்கிறேன். அந்த ஞாயிறு டாம்சனின் நெஞ்செலும்பு என் விரலுக்குக் கத்தி முனை போல இருந்தது. பாவமாக இருந்தது, ஒரு நாள்தானே என்று புறா நெஞ்சை முழுசாக, ஊறவைக்காமல் கொடுத்துவிட்டேன். ஆறு நாளாகச் சொல்லவில்லை. இறகுக்கட்டைச் சுழற்றும்போதும் சொல்லவில்லை, சிம்பு கட்டும்போதும் சொல்லவில்லை. இப்போது சொன்னேன், பேனாவைக் கீழே வைக்காமலே.

அப்பா, "முழுசாவா?" என்றார். முழுசாக என்றேன். "ஊறவைக்காம?" ஊறவைக்காமல்தான். அடி விழும் என்று நினைத்தேன். அவர் கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ கனமாத்தான் இருந்திருக்கா. சரியாத்தான் சொல்லியிருக்கு, நான்தான் நம்பல" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள், ஜுரம் கண்டுவிட்டதோ என்று. விஷயம் தெரிந்ததும் என்னைப் பார்த்து, "ஏண்டி, ஆறு நாளா இத உள்ள வச்சுக்கிட்டா உக்காந்து புட்டிங் தின்னே?" என்றாள். அவள் சிரிக்கவில்லை, நான் அழுதுவிட்டேன். அப்பா எழுந்து கொட்டகைக்குப் போனார், நான் பின்னால் போனேன். டாம்சனைத் தடவினார், அடுத்து அங்கிருந்த இளைய வல்லூறைத் தடவினார். "இவளுக்கு ரெண்டு நாள் ஊறின கறி. டாம்சனுக்கு இன்னைக்கு நல்லதாவே போடு, எளைச்சிட்டா" என்றார். வாசலுக்கு வந்ததும் என் பக்கம் திரும்பி, பாவப்பட்டதற்கு ஒன்றுமில்லை, வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு மூன்று வாரம் கொட்டகைக்குள் கால் வைக்கக்கூடாது என்றார். சரி என்றேன். பத்தடி நடந்த பிறகு, அப்படியானால் தீனி போடுவது யார் என்று அவருக்கே நினைவு வந்தது. ஆகவே தண்டனை சிம்பு பிரித்த மறுநாள் தொடங்கும்.

கர்னலிடம் வேறு ஆள் பார்க்கச் சொல்லும் அந்த வரியை அடித்துவிடச் சொன்னார். அடிக்க மனமில்லை, அவர் இந்த வாரம் எப்படி இருந்தார் என்று உனக்குத் தெரியட்டும். நாளைக் காலை கர்னலிடம் போகத்தான் போகிறார், ஆனால் ஏப்ரலில் இன்னொரு நாள் காக்கை வேட்டைக்கு அனுமதி கேட்க. என் தப்பையும் அங்கேயே சொல்லிவிடப் போகிறாராம். சொல்லட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போ, குளிரில் தலையைத் துவட்டாமல் வெளியே நிற்காதே. மே மாதத்துக்குள் பதில் வர வேண்டும், இரண்டு வரி என்றாலும் போதும் என்கிறாள் அம்மா. கடவுள் உன்னைக் கூடவே இருந்து காப்பாற்றட்டும் என்று இருவரும் வாழ்த்துகிறார்கள். கீழே கோணலாக இருப்பது அப்பாவின் இடது கை, அவரே போட்டது.

அப்பா,
ஆம்புரோஸ் பார்கெட்டர்

எழுதியவள் ஹெஸ்டர். வாசித்துக் காட்டினேன், எல்லாம் சரி என்றார்.