ஒழுகாத குழாயும் வராத வாலாட்டியும்

அன்புள்ள என்னங்க,

நானும் மகளும் சுகம். உங்கள் மூச்சு எப்படி இருக்கிறது? பேசினால் இளைக்கிறது என்று ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கும் உங்கள் அண்ணன் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாராம். அவர் செய்தது சரிதான். ஆனால் கடிதம் வருகிறதா என்று வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து நான்தான் தேய்கிறேன்.

உங்கள் கடிதம் நேற்று கிடைத்தது. ஒரே பக்கத்தில் பதினோரு கேள்வி. நான் சாப்பிட்டேனா, மகள் பள்ளிக்கூடம் போகிறாளா என்று ஒரு வரி உண்டா? எல்லாம் அந்த வாலாட்டிக் குருவியைப் பற்றியேதான். எத்தனை மணிக்கு வந்தது, வயிற்றில் மஞ்சள் எவ்வளவு, இடது காலில் ஒரு விரல் இல்லையா, போன வருஷம் வந்த அதே குருவிதானா! வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்த மனுஷன், குருவிக்கும் ரீடிங் கேட்கிறீர்கள். கடைசியில் கொட்டை எழுத்தில், அதே குருவிதான் என்றால் வெள்ளிக்கிழமை ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தையல் யூனிட்டில் ஒரே சட்டைக்கு இரண்டு இடது கையை வைத்துத் தைத்துவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே கம்பியில் மூன்று பஞ்சுருட்டான் குருவி உட்கார்ந்திருந்தது, அதை எண்ணிக்கொண்டிருந்தேன். இந்தச் சட்டையை யார் போடுவது, இரண்டு பக்கமும் இடது கை உள்ள ஆளைக் கூட்டி வாங்க என்று சூப்பர்வைசர் கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

நீங்கள் சொல்லிவிட்டுப் போனபடி தினமும் பறவைகளை எண்ணுகிறேன். துணி காயப்போடும்போது இரண்டு மைனா. பஸ்ஸுக்கு நிற்கும்போது கரிச்சான் ஒன்று, எதிர்வீட்டு ஆன்டெனாவில். எல்லாவற்றையும் உங்கள் பறவை நோட்டில் தேதி, நேரம், இடம் என்று எழுதிவிட்டேன். வாலாட்டிக்கு மட்டும் எழுதவில்லை. ஏனென்றால் அது வரவில்லை.

போன கடிதத்தில் வந்தது என்று எழுதினேனே, அது பொய். வாலாட்டி வரட்டும், அப்புறம் ஆபரேஷனைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுத்தானே போனீர்கள்? வந்துவிட்டது என்றால் சரி என்பீர்கள் என்று எழுதிவிட்டேன். கடிதத்தில் எழுத முடிந்தது. நோட்டில் எழுதப் போனேன், கை வரவில்லை. பார்த்ததை மட்டும்தான் இதில் எழுதணும், பார்த்த மாதிரி இருந்ததை எழுதக்கூடாது என்று நீங்கள் மகளுக்குச் சொன்னது காதிலேயே நின்றது.

இன்னொன்றும் சொல்லவேண்டும், திட்டாதீர்கள். நீங்கள் போன மூன்றாம் நாள் பிளம்பரைக் கூப்பிட்டுப் பின்பக்கக் குழாயைச் சரிசெய்துவிட்டேன். நான்கு வருஷமாக அது ஒழுகுகிறது, நான்கு வருஷமாக நான் கத்துகிறேன், நீங்கள் பார்க்கலாம் பார்க்கலாம் என்றே ஓட்டினீர்கள். பிளம்பர் பத்தே நிமிஷத்தில் முடித்துவிட்டார். உங்களுக்கு எழுதிப் பீற்றிக்கொள்ளலாம் என்றிருந்தேன். நேற்று உங்கள் கேள்விகளுக்குப் பதில் தேடி நோட்டைப் புரட்டினேன். நான்கு குளிர்காலத்திலும் வாலாட்டிக்கு நேரே இடம் என்ற கட்டத்தில் ஒன்றே எழுதியிருக்கிறது: பின்பக்கக் குழாயடி, ஈரத்தில்.

அட திருட்டு மனுஷா! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னால் கேட்டிருப்பாயா என்பீர்கள். கேட்டிருக்கமாட்டேன்தான்.

உடனே பிளம்பரிடம் ஓடினேன். மறுபடி ஒழுகுகிற மாதிரி செய்து தாருங்கள் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அக்கா, நிறுத்தத்தான் எனக்குத் தெரியும், ஒழுகவிட உங்க வீட்டுக்காரரைக் கேளுங்க என்றார். அதனால் இன்று காலை குழாயை நூல் கனத்துக்குத் திறந்துவிட்டேன். மகள் உங்கள் பைனாகுலரை முன்பின்னாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, குழாயே அவ்வளவு தூரத்துல இருக்கும்மா, குருவி எப்படித் தெரியும் என்று புலம்பினாள். இதுவரை ஒரு காக்காதான் வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருக்கிறது.

இதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். இன்னொரு பொய் சொல்லி, விரல் இல்லை, அதே குருவிதான் என்று எழுதினால் நீங்கள் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். ஆனால் என் பொய்யை நம்பி நீங்கள் அந்த மேஜையில் படுப்பதை என்னால் தாங்க முடியாது. உங்களுக்குப் பயம். எனக்கும் பயம்தான், சோறு இறங்கவில்லை. அதற்காகக் கால் விரல் இல்லாத ஒரு குருவியின் தலையிலா இவ்வளவு பாரத்தை வைப்பது? குழாய் ஒழுகினால் குருவி வரும். இருதயத்து வால்வு ஒழுகினால் என்ன வரும், நீங்களே சொல்லுங்கள். டாக்டர் அடைக்கிறேன் என்கிறார், அடைக்கவிடுங்கள்.

தபாலை நம்பாமல் அங்கே வருகிற வேன் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வியாழக்கிழமை உங்கள் கைக்கு வந்துவிடும். குருவி வராமல் போனதற்குக் காரணம் நான், ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் வராமல் போனால் நான் யாரைப் போய்க் கேட்பேன்?

நோட்டில் அந்தக் கட்டத்தை அப்படியே விட்டிருக்கிறேன். அதில் என் கையெழுத்து வேண்டாம், நீங்கள் வந்து எழுதுங்கள். குழாயும் திறந்தே இருக்கிறது. குருவி வரவில்லை, நீங்களாவது வந்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுவிடுங்கள், என்னங்க.

இப்படிக்கு,
இனிமேல் பொய் சொல்லாத,
உங்கள் வீட்டுக்காரி