சற்று என்ற சொல்

என் பக்கத்துப் பாய்க்காரிக்கு,

இன்று காலை உன் அண்ணன் விடுதிக்கு வந்து உன் தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். உன் ஆங்கில நோட்டை மட்டும் என்னிடம் கொடுத்தார். பிரித்ததும் புளி வாசனை. பெட்டிக்குள் ஒளித்து வைத்து நீ தின்ற புளிதான்; தாள்களில் பழுப்புக் கறைகூட இருக்கிறது.

அந்த நோட்டில் பாதிக்கு மேல் மரபுத்தொடர்கள். நான் நோட்ஸ் புத்தகத்தைப் பார்த்து அர்த்தத்தை மனப்பாடம் செய்வேன். உனக்கு அது ஒத்துவராது. ஒவ்வொன்றுக்கும் உன் மலையிலிருந்து ஒரு ஆளின் கதையைப் பிடித்து வருவாய். 'ஸ்பில் த பீன்ஸ்' என்றால் ரகசியத்தை வெளியே விடுவது. பீன்ஸைக் கொட்டினால் ரகசியம் எப்படி வெளியே வரும் என்று நான் குழம்பியபோது நீ சிரித்தாய்.

"எங்க அத்த யாருக்கும் தெரியாம தாய் வூட்டுக்கு அவரக்கொட்ட எடுத்துனு போச்சு. கூடையில ஓட்ட. வழியெல்லாம் கொட்டினே போச்சுடி. மாமன் கொட்டையப் பாத்துனே பின்னாடி போய்ட்டாரு!"

அதை நான் பிறகு மறக்கவே இல்லை.

'அண்டர் த வெதர்' வந்த அன்று மட்டும் உனக்கு ஆளே கிடைக்கவில்லை. "வானத்துக்குக் கீழதான எல்லாரும் கீறோம்? அப்ப எல்லாருக்கும் ஒடம்பு சரியில்லையா? இன்னாடி இது!" என்று விட்டுவிட்டாய். நான் நோட்ஸில் இருந்தபடி 'உடல்நலமின்றி' என்று எழுதிக்கொண்டேன்.

சாமை அறுப்புக்கு ஊருக்குப் போன நீ திரும்பவில்லை. நான்காம் நாள் உன் அண்ணன் நடந்தே வந்தார். "காய்ச்ச கொதிக்குதும்மா. கண்ணத் தொறக்க மாட்டேங்குறா. பெரிய டீச்சருக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடு."

ஆங்கிலத்தில் எழுதினேன். காய்ச்சலுக்கு ஆங்கிலச் சொல் எனக்குத் தெரியும். ஆனாலும் தலைமையாசிரியை வியக்க வேண்டும் என்று 'அண்டர் த வெதர்' என்று போட்டேன். உன் அண்ணன் கடிதத்தை ஆயாவிடம் கொடுத்துவிட்டு, உள்ளே வரக் கூச்சப்பட்டு, வாசலுக்கு வெளியிலேயே நின்றார். "ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்துட்டு வரச் சொல்லு" என்று பதில் வந்தது. விடுதிக்கு அரிசி இறக்கிய ஜீப் அன்று மதியம் காலியாகவே திருப்பத்தூருக்குத் திரும்பியது.

மறுநாள் போர்வையில் டோலி கட்டி உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி மலையிலேயே நீ போய்விட்டாய்.

டீச்சர் அழுதார்கள். "லேசா முடியலன்னுதானேம்மா எழுதியிருந்தே? தெரிஞ்சிருந்தா அந்த ஜீப்பயே அனுப்பியிருப்பேனே."

அகராதியில் தேடிப் பார்த்தேன். 'சற்று உடல்நலமின்றி' என்று இருந்தது. சற்று. என் நோட்ஸில் அந்த ஒரு சொல் இல்லை.

இன்று உன் அண்ணன் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "அன்னிக்கு இங்கிலீசுலயே எழுதிக் குடுத்தியேம்மா. எங்களுக்கு வேற யாரு செய்வா?"

அவருக்குப் படிக்கத் தெரியாது. எழுதி அனுப்பிவிட்டு நான் ஒளிந்துகொள்ள முடியாது. உங்கள் ஊர்வரை நடந்து வந்து, அவர் முன்னால் நின்று, அந்தக் கடிதத்தில் என்ன எழுதினேன் என்று தமிழில் சொல்ல வேண்டும். மூன்று வாக்கியம்கூட ஆகாது. வாசலில் அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேனே தவிர, கூப்பிடவில்லை.