கழற்றி வைத்த ஆயில் கூலர்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படியில் இரண்டு தடவை நின்றுதான் ஏறுகிறாள், ஆனால் என்னைத் திட்டும்போது மட்டும் மூச்சு வாங்குவதே இல்லை. சமையலறைக் குழாய் ஒழுகியதை ஒருவழியாகச் சரி செய்தாயிற்று. நான் இப்படி எதையெதையோ சுற்றி வளைத்தால் வேறு ஏதோ இருக்கிறது என்று உனக்கே தெரிந்துவிடும். போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை கூப்பிட்டேன், உன் குரலைக் கேட்டதும் அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம்.

நம் சின்னக் காரைப் பற்றித்தான். போன லீவில் வந்தபோது அதற்கு ஆயில் கூலர் மாட்டிக் கொடுத்தாயே, "இந்த வண்டியில இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில்தான்ப்பா, வெயில்ல மேடு ஏறினா சூடாகித் தண்ணி மாதிரி ஆயிடும், அப்புறம் பேரிங்கை யார் காப்பாத்துறது" என்று சொல்லிக்கொண்டே இரண்டு நாள் முழங்கை வரை கறுப்பாக நின்று, முன் கிரில்லுக்குப் பின்னால் அந்தக் குட்டி ரேடியேட்டரைப் பொருத்தி, ஹோஸ் இழுத்து, ஆயில் சூட்டைக் காட்டும் மீட்டரும் வைத்தாய். நீ கிளம்பிய இரண்டாம் மாதமே கூலரைத் தெருமுனைப் பட்டறையில் கொடுத்துக் கழற்றிவிட்டேன், மீட்டரை மட்டும் விட்டுவைத்தேன். பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரு கண்காட்சி நடத்தினார்கள், அந்தக் காலத்தில் வந்தபடியே இருக்கும் வண்டிக்குக் கோப்பை என்றார்கள். அதற்கு முந்தைய வாரம் அவர்களில் பச்சைக் கார் வைத்திருக்கும் ஒருவர் கிரில்லுக்குள் எட்டிப் பார்த்து, "என்ன சார், வண்டிக்குப் பல்செட் கட்டியிருக்கீங்களா" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள், எனக்குச் சுருக்கென்றது. கோப்பை கிடைத்தது. உனக்கு அனுப்பிய போட்டோவில் நான் கிரில்லை மறைத்துக்கொண்டு நின்றது தற்செயல் இல்லை. கூலர் எப்படி இருக்கிறது என்று நீ கேட்டபோது ஜம்மென்று வேலை செய்கிறது என்றேன். அப்போது அது பரணில் பழைய துண்டுக்குள் கிடந்தது.

அக்காவை, உன் அத்தையைத்தான், கண் ஆபரேஷனுக்கு அழைத்துப்போன அன்று மலைப்பாதையில் பாதி மேட்டிலேயே உன் மீட்டரின் முள் சிவப்பைத் தொட்டது. ஓரமாக நிறுத்தி ஆறவிட்டிருந்தால் அரைமணி நேரம்தான் போயிருக்கும். ஆபரேஷனுக்கு நேரமாகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், நிஜம் என்னவென்றால் நீ சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. அடுத்த வளைவில் ஆயில் விளக்கு எரிந்தது, அதற்கடுத்த வளைவில் இன்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி சத்தம், அப்படியே நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு அத்தை இரண்டு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். அன்றைய முறை போய், மூன்று வாரம் தள்ளி வேறு தேதி கொடுத்தார்கள். "என்னடா ஆச்சு வண்டிக்கு" என்று அவள் கேட்டதும் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "உன் மருமக எதையோ மாட்டுறேன்னு நோண்டிட்டுப் போனா, அதான்."

அதை நம்பித்தான் ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வந்து, ஸ்பீக்கரில் போட்ட போனில், "நீ படிச்ச படிப்பையெல்லாம் என் கண்ணுலதான் சோதிச்சுப் பாக்கணுமா" என்று உன்னைப் பிடிபிடியென்று பிடித்தாள். நீ, "மன்னிச்சுக்கங்க அத்தை, ஹோஸை நான்தான் சரியா முறுக்காம விட்டிருப்பேன்" என்றாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன் மகளே. சுளைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேனே தவிர, அது என் தப்பு என்று சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மெக்கானிக் இன்ஜினைப் பிரித்தார். வடித்த ஆயிலில் பேரிங் தேய்ந்த தூள் வெள்ளியாக மின்னியது. முன்பக்கம் நீ அடித்த பிராக்கெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "கூலர் இருந்த இடம் காலியா இருக்கே சார். அளவெடுத்துத் தைச்ச மாதிரில்ல வேலை பாத்திருக்காங்க, இது இருந்திருந்தா அந்த மேடெல்லாம் ஒரு மேடா. யார் செஞ்சது?" என்றார். என் பொண்ணு என்று சொன்னேன். அதைச் சொல்லித் தலைநிமிர வேண்டியவன் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கிரில்லைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அங்கிருந்து நேராக அத்தை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கடைசி வரை கேட்டாள். பிறகு, "எனக்குக் கண்ணுதான்டா மங்கல், உன் வாய்க்கு என்ன வந்துச்சு" என்று கேட்டாள். முப்பது வருஷம் வாத்தியாராக ஊரார் பிள்ளைகளின் தப்பைச் சிவப்பு மையால் சுழித்தவன், என் தப்பை என் பிள்ளை பேரில் எழுதிவிட்டேன். அதைவிட என்னை அறுப்பது, நீ அதை அவ்வளவு சுலபமாக வாங்கிக்கொண்டதுதான். நினைத்துப் பார்த்தால், நான் குரலை உயர்த்தினாலே வீடு அடங்கட்டும் என்று தப்பை உன் தலையில் போட்டுக்கொள்வது உனக்குச் சின்ன வயசிலிருந்தே பழக்கம். நல்ல பிள்ளை என்று நான் பெருமையடித்துக்கொண்டது அதைத்தான். இனிமேல் எனக்காகவும் அப்படிச் செய்யாதே, ஆபீசில் யாருக்காகவும் செய்யாதே. என்னை மன்னி என்று கேட்கிறேன், ஆனால் உடனே மன்னித்துவிடாதே, கோபம் இருந்தால் இருக்கட்டும், திட்டி எழுது.

அத்தைக்கு வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன், வாடகைக் காரில்தான் போகிறோம், மறக்காமல் அவளைக் கூப்பிடு. உன்னிடம் என்ன பேசுவது என்று அவளும் தவிக்கிறாள். நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், அம்மாவின் ஆசியும் இதில் சேர்த்தி. இன்னொன்று, பரணிலிருந்து இறக்கிய கூலரைத் திரும்ப மாட்டும்போது ஹோஸ் மாட்டுகிற வாய் இரண்டும் மேலே பார்க்க வேண்டுமா, பக்கவாட்டிலா? மெக்கானிக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். ஆனால் உன்னைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வெட்கத்தோடும் அன்போடும்,
உன் அப்பா