ஒரு வீட்டுக்கு இரண்டு நிறம்

அக்கா,

வஜ்ஜிரப் பசை கலந்த சுண்ணாம்பின் வாசம் வீட்டு முகப்பை விட்டு இன்னும் போகவில்லை. வெயில் காலமாக இருந்தால் இதற்குள் போயிருக்கும். இது ஆனி மாதம். குற்றாலத்துச் சாரல் தென்காசிவரை வந்து சுவரை நனைத்துக்கொண்டே இருக்கிறது. வாசல் கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்த வாசம் முகத்தில் அடிக்கிறது. உடனே நீங்கள் நினைவுக்கு வந்துவிடுகிறீர்கள். உயிரோடு இருந்தபோது பேசாததை இப்போது எழுதி யாருக்கும் லாபமில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நாம் ஒரே வீட்டுக்கு வாழ வந்தவர்கள். நீங்கள் மூத்தவருக்கு, நான் இளையவருக்கு. மாமனார் காலமான பிறகு தனி அடுப்பு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான்தான். நயா பைசா வந்த புதிது அது. வீட்டுக்கு நடுவில் சுவர் எழும்பியது, வாசலும் இரண்டானது. அந்த மார்கழியில், பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்த அன்று, நீங்கள் என் வாசலுக்கு வந்தீர்கள். அதுவரை வீடு முழுவதற்கும் வெள்ளைதான், அடியில் காவிப் பட்டை.

“ஏட்டி, உள்ளதான் ரெண்டாயிட்டு. வெளிய ஒரே வெள்ளையா இருக்கட்டுமே. தெருவுல போறவன் எதுக்கு நம்ம கதயத் தெரிஞ்சுக்கிடணும்?”

“எங்க பாதிக்கு ரோஸ் அடிக்கப் போறோம். ஒங்க பாதிக்கு ஒங்க இஷ்டம்” என்றேன்.

குற்றாலத்தில் சீசனுக்கு வாடகைக்கு விடும் பங்களா ஒன்றில் பார்த்த ரோஸ் அது. அந்த நிறத்தின் மேல் எனக்கு ஆசை இருந்தது உண்மை. ஆனால் உங்கள் பாதி வெள்ளையாகவும் என் பாதி ரோஸாகவும் நிற்பதைத் தெரு பார்க்க வேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரியது.

தை மாதம் உங்கள் மகள் கோமதியைப் பெண் பார்க்கச் சுரண்டையிலிருந்து வந்தார்கள். வந்தவர்கள் போனார்கள், அந்தப் பேச்சு அதோடு நின்றது. காரணம் என்னவென்று நீங்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு ஆனி வந்தது. சாரல் பெய்துகொண்டிருக்கும்போது ஆள் வைத்து உங்கள் பாதிக்கு ரோஸ் அடித்தீர்கள். சாரலில் யாராவது சுவருக்கு அடிப்பார்களா? அதுவும் அச்சு அசலாக என்னுடைய ரோஸ். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பாத்தியளா, ஒங்க மதினிக்கு எம்மேல எவ்வளவு போட்டின்னு” என்று என் வீட்டுக்காரரிடம் பொருமினேன்.

“அவுக சுவரு, அவுக அடிக்காவ. நீ சும்மா கெட” என்றார் அவர்.

நான் சும்மா கிடக்கவில்லை. அந்த வாரமே என் பாதியைப் பச்சையாக்கினேன். வேலை முடிந்து ஏணியை எடுக்கும்போது நீங்கள் தெருவில் இறங்கி நின்று அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சண்டை வரும் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் தயாராக நின்றேன். “நல்லாத்தான் இருக்குட்டி” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கோவில்பட்டியிலிருந்து சிலர் வந்தார்கள். அருவியில் குளிக்க வருகிற சாக்கில் பெண்ணைப் பார்த்துவிட்டுப் போவது நம் பக்கத்தில் உண்டுதானே. பேசி முடியும்வரை பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்ல மாட்டோம். ஈரத் தலையோடு வந்தவர்களை, சீசனுக்கு வந்த உங்கள் உறவுக்காரர்கள் என்றே நினைத்தேன். அவர்களில் ஒரு பெரியவர் முகப்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துவிட்டு, வாசலில் நின்ற என்னிடம் கேட்டார்.

“இது ஒரு வீடாம்மா, ரெண்டு வீடா?”

“ரெண்டு” என்றேன். சத்தமாகவே சொன்னேன். உள்ளே உங்களுக்குக் கேட்டிருக்கும்.

அந்த இடமும் அமையவில்லை. அதற்குப் பிறகு வந்தவையும் ஏதேதோ காரணத்தில் தட்டிப்போயின. கடைசியில் கோமதியைப் புளியறையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவருக்கு, மூத்த மனைவியை இழந்தவருக்கு, இரண்டாந்தாரமாகக் கொடுத்தீர்கள். கோமதி நன்றாகத்தான் இருக்கிறாள். அதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்தன்று கோமதியும் நானும் அடுக்களையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். பழைய பேச்சு வந்தது.

“சுரண்டக்காரவ நம்ம வீடு ரெண்டு நெறமா நிக்கதப் பாத்துட்டு, அண்ணன் தம்பி சேராத எடம்னுதான் வேண்டாம்னாவளாம், சித்தி. அதான் கோவில்பட்டிக்காரவ வாரதுக்குள்ள ஒண்ணா ஆக்கிரணும்னு அம்மா நெனச்சா. ஒங்க சுவத்துல ஒரு பொருக்கச் சுரண்டிக் கொண்டு போயி, கடையில காட்டி, அதே ரோஸ் பொடி வாங்கினா.”

அவள் குறையாகச் சொல்லவில்லை. வெண்டைக்காயைப் பார்த்தபடியே சொன்னாள். சுவரில் அந்தச் சுரண்டலைப் பார்த்துவிட்டு, எந்தக் கழுதை செய்த வேலை என்று அன்று தெருவில் நின்று நான் கத்தியது நினைவுக்கு வந்தது. நான் வெள்ளைக்கு வர மாட்டேன் என்று தெரிந்துதான் நீங்கள் என் நிறத்துக்கு வந்திருக்கிறீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று உங்கள் மேல் கோபம்கூட வந்தது. சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை, அக்கா.

மூத்தவர் இப்போது மகளோடு புளியறையில் இருக்கிறார். போகும்போது உங்கள் பாதியின் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். என் மகளுக்கு ஒரு வரன் வருகிறது என்றதும் நான் முதலில் கூப்பிட்டது வெள்ளையடிக்கிறவரைத்தான். உங்கள் பாதிக்கும் என் பாதிக்கும் ஒரே வெள்ளை, ஒரே காவிப் பட்டை.

நேற்று அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் உள்ளே வந்து உட்கார்ந்ததும் சொன்ன முதல் பேச்சு இதுதான்: “வாசல் ரெண்டானாலும் ஒத்துமையா இருக்கியளே, வெளிய நின்னு பாத்தாலே தெரியுது. எங்களுக்கு அது போதும்.”

நான் ஆமாம் என்றேன். “எங்க அக்கா இருந்த காலத்துலயும் இப்படித்தான்” என்று வாய் கூசாமல் சேர்த்தும் சொன்னேன். ஆவணியில் கல்யாணம் என்று பேசி, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம்.

அவர்கள் போன பிறகு தெருவில் இறங்கி நின்று பார்த்தேன். ஒரே வீடாகத்தான் தெரிந்தது. கோமதிக்கு நான் கிடைக்கவிடாமல் செய்த நல்ல பெயரை, உங்கள் சுவரைக் காட்டி என் மகளுக்கு வாங்கிக்கொண்டேன், அக்கா.