மணியம்மாள் கண்ட மைக்கறை

கும்மிடிப்பூண்டி
9-2-1975

அன்பு மகள் சந்திரகலாவுக்கு நைனா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, புதிதாகக் கன்று போட்ட செவலைப் பசு எல்லோரும் சுகமாக இருக்கிறோம், நீயும் டில்லிக் குளிரில் சளி கிளி பிடிக்காமல் இருக்க வேண்டும். உன் கடிதம் வந்தது. உங்கள் மனோதத்துவத் துறையில் இந்த வருஷம் பரிசாகக் கொட்டுகிறது போலிருக்கிறது, உன் பேராசிரியை அம்மாளின் புத்தகத்துக்கு விருது, கூடப் படிக்கும் பெண்ணுக்குத் தங்க மெடல், உனக்கு இரண்டு வருஷ ஆராய்ச்சிக்கு உதவித் தொகை. நைட் ஷிப்ட் ஆட்களின் தூக்கத்தைப் பற்றி நீ எழுதிய கட்டுரைக்காகத்தான் அது என்று எங்கள் உருக்காலையில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டேன். சூபர்வைசர் மட்டும், இனிமே மிஷின் பக்கத்துல தூங்கறவன்லாம் ஆராய்ச்சின்னு சொல்வான் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

ஆனால் வீட்டில் நிலைமை வேறு. இந்தச் சித்திரையில் உன்னை ஆரணிக்கு, என் தங்கை மணியம்மாள் மகன் தணிகாசலத்துக்குக் கட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்று உன் அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். முறைப் பையனைத் தட்டினால் உறவு அறுந்துவிடும் என்று எனக்கும் பயம்தான். வெள்ளிக்கிழமை உன் அத்தை வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து இறங்கிவிட்டாள். தட்டு மாற்றிவிட்டால் உன் ஆராய்ச்சிக்கு அன்றோடு முழுக்கு. நான் என்ன செய்தேன் தெரியுமா, போன லீவில் நீ காட்டினாயே, அதுபோல ஒரு காகிதத்தில் மையைக் கொட்டி, மடித்துப் பிரித்து, காபி குடித்துக்கொண்டிருந்த அத்தையிடம் நீட்டி, இதுல இன்னா தெரியுதுன்னு சொல்லும்மா, சந்திரா படிக்கிறது இதான் என்றேன். அவளும் பெருமையாக, ரெண்டு பொம்பளைங்க ஒரு குடத்தைப் புடிச்சி இழுத்துக்கினு கீறாங்கோ என்றாள். நான் நீளமாக ஒரு ஓகோ போட்டேன். இன்னாண்ணா ஓகோ என்றாள். ஒண்ணுமில்லம்மா, அது மாமியார் மருமகளா இருக்கும், சந்திரா இதை வெச்சே ஆளோட மனசைச் சொல்லிடும், உங்க ஊட்டுக்கு வந்தா தினம் ஒண்ணு காட்டும் என்றேன். அத்தைக்கு வேர்த்துவிட்டது. தட்டைத் துணியால் மூடிக்கொண்டு, பொண்ணு படிச்சி முடிக்கட்டும்ணா, இன்னா அவசரம் என்று அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். கோபமெல்லாம் இல்லை, சீம்பால் வாங்கிக்கொண்டுதான் போனாள். இப்படி ஒரு மனோதத்துவம் உங்கள் துறையில் கிடையாது என்று எனக்கும் தெரியும், உன் பேராசிரியை காதில் போட்டுவிடாதே.

உன் அம்மாவை ஏமாற்ற முடியுமா, நீ இன்னா பண்ணேன்னு எனக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். நேற்று அவளாகவே அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கி, வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உனக்கு இன்னா தெரியுது கங்கம்மா என்று கேட்டேன். நம்ம சந்திராதான், குனிஞ்சி படிச்சிக்கினு கீது, முடி கண்ணுல வந்து உய்து பாரு, ஒதுக்கிவுட ஆளில்ல என்றாள். பிறகு அவளே, சேர்ந்துக்கட்டும்னு எழுதிப் போடுய்யா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகவே தைரியமாகச் சேர்ந்துவிடு. மிளகாய்த்தூளும் வடகமும் பார்சலில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி. தீர்க்காயுசோடு, நினைத்ததெல்லாம் கைகூடி மகராசியாக இரு. முக்கியமாக ஒன்று, தலையைப் படிய வாரிப் பின்னிக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து அம்மா பேருக்கு உடனே அனுப்பு.

உன் நைனா,
ஆதிநாராயணன்