கூட நிற்க ஒருவர்

அன்புள்ள முள்ளுக்கு,

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். மணி பன்னிரண்டரை ஆகிறது. மகள் இப்போதுதான் கண் மூடினாள். என் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தூங்குவது அவள் வழக்கம். நான் அசைந்தால் அவளும் எழுந்துவிடுவாள். அதனால் கட்டில் ஓரத்திலேயே சாய்ந்து, அவளுடைய படப்புத்தகத்தை முட்டியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். எப்போது நேராக இருந்தது என்று நீ கேட்பாய், அது வேறு விஷயம்.

நலமா? நாங்கள் நலம். உன்னுடைய இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாதவள் இப்படி ஆரம்பிக்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. போன மாதம் தடுப்பூசி போடப் போன இடத்தில் உன் அம்மாவைப் பார்த்தேன். கல்யாணம் ஆனால் காது கேட்காமல் போய்விடுமா, ஒரு போன் பண்ண மாட்டாயா என்று திட்டினார். திட்டிக்கொண்டே, ஊசிக்கு அழுத என் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டார். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் உன் விலாசத்தை எழுதிக் கொடுத்தவர் அவர்தான். நம்பரும் கொடுத்தார். போனில் தட்டினால் அனுப்புவதற்கு முன்பே அழித்துவிடுவேன். தாள் என்றால் கிழிக்க வேண்டும். சத்தத்தில் மகள் எழுந்துவிடுவாள். அந்தப் பயத்திலாவது இது உன்னிடம் வந்து சேரட்டும்.

உன்னிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். வண்டி விஷயம்.

எங்களிடம் ஒரு எலெக்ட்ரிக் கார் இருக்கிறது. அதற்கு ஐந்து வயதானபோது செகண்ட் ஹேண்டாக வாங்கினோம், இப்போது எட்டு முடிந்துவிட்டது. பேட்டரிக்கு எட்டு வருட வாரண்டி. அது முடிந்து சரியாகப் பதினோராம் நாள், மழையில் நனைந்து வந்த மறுநாள் காலை, மஞ்சள் விளக்கு எரிந்தது. இவ்வளவு நாள் பொறுத்தது, பதினோரு நாள் முன்னாடி எரிந்து தொலைக்கக் கூடாதா என்றார் கணவர். வெயில் அடித்ததும் அணைந்தது. அடுத்த மழைக்கு மறுபடியும் எரிந்தது. நீயாக இருந்தால் நின்ற இடத்திலேயே இன்சுலேஷன் போய்விட்டது, மின்சாரம் கசிகிறது என்று சொல்லியிருப்பாய். நானும் சொன்னேன், மனசுக்குள். மகளின் சீட்டுக்கு நேர் கீழேதான் பேட்டரி. அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

எங்கே கொடுப்பது என்று கணவரிடம் கேட்டேன். 'நீதானே இதைப் படிச்ச, நீயே பார்த்துச் சொல்லேன்' என்றார். குத்திக் காட்டுகிற மனிதர் இல்லை அவர். இருந்தாலும் நெஞ்சில் எங்கேயோ தைத்தது.

முதலில் கம்பெனி சர்வீஸுக்கே போனேன். கண்ணாடிக் கட்டடம், காபி மெஷின், குழந்தைகளுக்குப் பிளாஸ்டிக் சறுக்கு மரம். மகள் அதில் ஏறியவள் இறங்கவே இல்லை. அவளைப் பொறுத்தவரை அங்கேதான் கொடுக்க வேண்டும். கையில் டேப்லெட் வைத்திருந்த பையன், வாரண்டி முடிந்தாலும் நாங்கள் அவர்கள் குடும்பத்தில் ஒருவர்தான் என்று உருகினான். குடும்பத்துக்குச் சொன்ன விலையில் எங்கள் வண்டி மாதிரி இரண்டு வாங்கலாம். முழு பேட்டரியையும் மாற்றியாக வேண்டுமாம். திறந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது என்றான். வேலை நடக்கிற இடத்தைப் பார்க்கலாமா என்றதற்கு, அனுமதி இல்லை மேடம், எங்களை நம்புங்க என்றான். நம்புங்க என்று யாராவது சொன்னாலே எனக்கு அங்கே நிற்கப் பிடிப்பதில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்து, கணவரின் நண்பர் சொன்ன ஒரு மெக்கானிக். பெட்ரோல் வண்டியில் அவர் கில்லாடியாம். பானெட்டைத் திறந்தார். கையில் தடியான ஸ்டீல் வாட்ச், இன்னொரு கையில் வளையம். பேசிக்கொண்டே, ஆளைக் கொல்கிற மின்சாரம் ஓடும் ஆரஞ்சு ஒயர் பக்கம் கையைக் கொண்டுபோனார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். 'என்னம்மா, அது என்ன பாம்பா?' என்று சிரித்தார். பாம்பு சீறிவிட்டாவது கடிக்கும் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் மகள் அழ ஆரம்பித்தாள், கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் உன் டிபன் பாக்ஸ் மூடிதான் ஞாபகம். லேபுக்குள் நுழைந்ததும் கடிகாரம், வளையல், மோதிரம், தோடு எல்லாவற்றையும் கழற்றி அதில் போட்டு ஜன்னல் திண்டில் வைப்போமே. என் வெள்ளிக் கொலுசைக்கூடக் கழற்றச் சொல்வாய். காலால் யாராவது ஒயரைத் தொடுவார்களா என்று நான் சண்டை போடுவேன். 'நீ தொடுவடி' என்பாய்.

ஜெனரேட்டர் ரூமை ஒட்டிய அந்தப் பின்கட்டு லேப், வார்னிஷ் வாடை, சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே வந்து மணி ஆகிறது என்று சொல்லாமல் சொல்கிற லேப் அண்ணன். பழைய சரக்கு ஆட்டோ ஒன்றை இழுத்து வந்து பேட்டரியில் ஓட வைக்கிறோம் என்று கிளம்பினோமே, எத்தனை பேர் சிரித்தார்கள். கனெக்‌ஷனைப் பிடுங்கிய பிறகு, உள்ளே தேங்கிய மின்சாரம் வடியப் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும் என்பது உன் சட்டம். எனக்கு அந்தப் பத்து நிமிஷம்தான் கல்லூரி. பாதி பன் உனக்கு, பாதி எனக்கு. நமக்கென்று ஒரு பட்டறை, அதன் கதவுக்கு என்ன நிறம் என்று ஒரு வருடம் அடித்துக்கொண்டோம். நீ நீலம், நான் பச்சை. பத்து நிமிஷம் முடிந்ததும் நான் மீட்டரை வைத்துப் பார்த்துச் சொல்வேன், 'செத்தாச்சு.' அதற்குப் பிறகுதான் நீ கை வைப்பாய். நாம் அப்படிப் பேசுவதைக் கேட்டு, பெண்பிள்ளைகள் பேசுகிற பேச்சா என்று லேப் அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார்.

மூன்றாவது இடத்தைச் சொல்கிறேன். மரக்கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அங்கே இருப்பவர் பதினைந்து வருடம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர். இப்போது எலெக்ட்ரிக் வண்டிகள் பார்க்கிறார். எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். ரொம்ப மெதுவாம், அவரிடம் கொடுத்தால் பேரன் வந்துதான் வண்டியை எடுக்க வேண்டும் என்று பெட்டிக்கடையில் சொன்னார்கள். அதைக் கேட்டுத்தான் போனேன்.

மோதிரம் இல்லை, வாட்ச் இல்லை. பேட்டரியைத் துண்டிக்கிற பிளக்கை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுப் பித்தானும் மாட்டிக்கொண்டார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரிக்க ஆரம்பித்தார். மகளுக்குப் பாதி கொடுத்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிஷம்.

அப்புறம் மீட்டரை எடுத்தார். வண்டியில் வைப்பதற்கு முன்னால் ஒரு சாதாரண பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் வைத்தார், பன்னிரண்டு காட்டியது. வண்டியில் வைத்தார்; பூஜ்யம். மறுபடியும் அந்தப் பழைய பேட்டரியில் வைத்தார், பன்னிரண்டு. தெரிந்துகொண்டே கேட்டேன், எதற்கு இரண்டு தரம் என்று.

'மீட்டர் சரியாத்தான் இருக்குன்னு மீட்டருக்கே ஒரு சாட்சி வேணும்மா. மனுஷனுக்கு சாட்சி யாரு? அதுக்குத்தான் உங்களையும் பாக்கச் சொல்றேன். என் வாயை நம்பாதீங்க' என்றார்.

முள்ளே, இதற்குத்தான் உட்கார்ந்தேன். மூன்று பக்கம் வண்டியைப் பற்றியே எழுதிவிட்டேன்.

கடைசி வருடம், புராஜெக்ட் காட்டுவதற்கு முந்தின நாள். எனக்கு ஆறு மணி பஸ். அதை விட்டால் எட்டரைக்குத்தான். பிளக்கைப் பிடுங்கி நான்கு நிமிஷம்தான் ஆகியிருந்தது. நீ அந்தப் பக்கம் குனிந்து ஸ்பேனர் தேடிக்கொண்டிருந்தாய். நான் செத்தாச்சு என்றேன். நீ கடிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லை. நான் சொன்னால் உனக்குப் போதும்.

அந்த வெளிச்சத்தையும் சத்தத்தையும் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இருந்த கோலத்தில், சார் ஓடி வந்து கேட்டபோது, 'நான்தான் சார் அவசரப்பட்டுட்டேன்' என்றாய். நான்கு வருடத்தில் ஒரு நாள்கூட அவசரப்படாதவள் நீ. அவசரக்குடுக்கை என்று பெயர் வாங்கியவள் நான், வாயைப் பூட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

கட்டுப் போடுகிற இடத்து பெஞ்சில் நீ மெதுவாகக் கேட்டாய், மீட்டர் என்னடி காட்டுச்சு என்று. பூஜ்யம்தான் காட்டுச்சு என்றேன். நீ நம்பினாய். அடுத்த வாரமே அந்த மீட்டரைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு வந்தாய். ஒரு வருடம் சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து வாங்கிய முள் மீட்டர். அதைக் கையை விட்டு இறக்கமாட்டாய் என்பதால்தானே உனக்கே முள் என்று பெயர் வைத்தோம். என்னை நம்பினாய், மீட்டரைத் தூக்கிப் போட்டாய்.

மீட்டர் எதையும் காட்டவில்லை. நான் வைக்கவே இல்லை.

அவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு ஐந்து வருடம் ஆகியிருக்கிறது. அந்த மாதம் நீ எழுத வேண்டிய வேலைத் தேர்வுக்கு உன்னால் பேனா பிடிக்க முடியவில்லை. பட்டறையும் இல்லை, கதவும் இல்லை. நீ தனியாக அவ்வளவு தூரம் போனாய். உன் கடிதங்களில் ஒரு கோபம் இருந்திருந்தால் பதில் போட்டிருப்பேனோ என்னவோ. இரண்டிலும் நான் எப்படி இருக்கிறேன், குழந்தை எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டிருந்தாய். உனக்குக் குளிரில் இன்னும் விரல் மடங்குவதில்லை என்று உன் அம்மா சொன்னார். பிறகு, நீ இப்போது பேட்டரி சோதனைக் கூடத்தில் பெரிய ஆள், உன் கீழே எட்டுப் பேர் என்றும் சொன்னார். முதல் செய்தியில் தலையைக் குனிந்தவள், இரண்டாவதற்கும் நிமிரவில்லை.

மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன். பஸ்ஸில் காலை மிதித்துவிட்டுச் சொல்கிற வார்த்தை மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன். மேலே பார், அடித்த இடம் தெரியும். ஆனாலும் வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. மன்னித்துவிடு.

யோசனை கேட்கிறேன் என்றேனே, அது பொய் இல்லை. லிஃப்ட்காரர் பார்த்துவிட்டுச் சொன்னார்: முழு பேட்டரியும் கெட்டுப்போகவில்லை, ஒரு கனெக்டரின் ரப்பர் காய்ந்து தண்ணீர் இறங்குகிற மாதிரி தெரிகிறது, திறந்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும். திறந்துவிட்டால் கம்பெனிக்காரர்கள் பிறகு அந்த வண்டியைத் தொடமாட்டார்கள், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். அதுவரை ஓட்ட வேண்டாம் என்று வண்டியை அங்கேயே நிறுத்திக்கொண்டார். நானும் மகளும் பஸ்ஸில் போகிறோம். அவளுக்கு பஸ் பிடித்திருக்கிறது.

எங்கே கொடுப்பது என்று நான் முடிவு செய்துவிட்டேன். அதில் சந்தேகம் இல்லை. சிக்கல் வேறு. பேட்டரியைத் தனியாகத் திறப்பதில்லை என்பது அவர் சட்டம். ஒருவர் வேலை செய்தால் ஒருவர் கூட நிற்க வேண்டும். மீட்டர் வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும், ஏதாவது ஆனால் மரக்கொக்கியால் ஆளை இழுத்துப்போட வேண்டும். வழக்கமாக அவர் மனைவி நிற்பார். அந்த அம்மா மகளின் பிரசவத்துக்குப் போயிருக்கிறார், வர இரண்டு மாதம் ஆகும். நான் கேட்ட கேள்விகளை வைத்து நான் என்ன படித்தவள் என்று கண்டுபிடித்துவிட்டார்.

'நீங்களே நில்லுங்களேம்மா. நீங்க கரண்ட் இல்லைன்னு சொன்னப்புறம்தான் கை வைப்பேன்' என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இரண்டு மாதம் காத்திருக்கலாம், வண்டி ஓடாது, அவ்வளவுதான். ஆனால் அதற்காக மட்டும் நான் யோசிக்கவில்லை என்பது உனக்குப் புரியும். அந்தக் கொட்டகைக்குள் நுழைந்தபோது வார்னிஷ் வாடை அடித்தது, முள்ளே. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். எனக்கு அங்கே நிற்க வேண்டும் போல இருக்கிறது. நிற்கிற யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. அவருக்கு ஒரு மனைவி இருக்கிறார், பிரசவத்துக்குப் போன ஒரு மகள் இருக்கிறாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் கையை உள்ளே விடுவார்.

கணவரிடம் கேட்டால் 'தாராளமா நில்லு' என்பார். அவருக்கு எதுவும் தெரியாது. அவரிடமும் சொல்லத்தான் போகிறேன், முதலில் உன்னிடம் சொல்லிவிட்டு. என் வார்த்தையை நம்பிக் கை வைத்தவள் உலகத்தில் நீ ஒருத்திதான். நான் நிற்கலாமா என்று சொல்ல வேறு யாராலும் முடியாது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுது. வருத்தப்பட மாட்டேன் என்று சொல்லமாட்டேன். இனி உன்னிடம் ஒரு பொய்யும் சொல்வதாக இல்லை. ஆனால் கேட்டுக்கொள்வேன்.

நீ நன்றாக இரு. குளிர் நாட்களில் கையுறை இல்லாமல் வெளியே போகாதே. எங்கே இருந்தாலும் நல்ல மனிதர்கள் உன் பக்கத்தில் இருக்கட்டும்.

லிஃப்ட்காரர் அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை வரை என் பதிலுக்குக் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். கடிதம் போய்ச் சேர ஒரு வாரம், வர ஒரு வாரம். சீக்கிரம் பதில் எழுது.

என்றும் உன்,
குடுக்கை