குளிரறைக் கதவு

மார்ச் 4

தம்பிக்கு,

ஆய்வுக்கூடக் குளிரறையின் இரும்புக் கதவை என் வலக்கை மேல் அறைந்து சாத்தினாய். மூன்று விரல்கள் நொறுங்கின. உன் உதவியாளனாக நான் வளர்த்த நொதிப் படிகங்களைத் தட்டுகளோடு தரையில் போட்டு மிதித்தாய். இடக்கையால் எழுதுகிறேன், கோணலைப் பொறுத்துக்கொள்.

எல்லாம் சர்க்கரைச் சங்கிலியை வெட்டும் ஒரு பாக்டீரியா நொதிக்காக. அதன் பிளவுக்குள் எதிரெதிரே இரண்டு அமிலக் கிளைகள். தண்ணீர் வந்து ஒரே படியில் சர்க்கரைச் சங்கிலியை வெட்டுகிறது என்று கட்டுரை போட்டாய். தவறு. ஒரு கிளை சர்க்கரையைக் கழுத்தோடு பிடிக்கிறது. மற்றது புரோட்டான் கொடுத்துச் சங்கிலியை முறிக்கிறது. பிடிபட்டதைத் தண்ணீர் விடுவிப்பது இரண்டாம் படி. எளிதில் விடுபடாத சர்க்கரையில்தான் இருவரும் படிகத்தை ஊறவைத்தோம். நீ மூன்று நாள் விட்டாய். அதற்குள் தண்ணீர் சர்க்கரையை விடுவித்துவிட்டது, பிளவு காலி. நான் பத்தாம் நிமிடமே உறையவைத்தேன். எக்ஸ் கதிர்ப் படத்தில் கிளையோடு ஒட்டிய சர்க்கரை அப்படியே தெரிந்தது.

"பள்ளிக்கூடம் முடிக்காத ஆளு, எனக்குப் பாடம் எடுக்கிறியா?" என்றாய்.

"படிகம் பட்டம் பார்த்து வளர்றதில்லடா, பேராசிரியரே" என்றேன். அதற்குத்தான் கதவு.

அண்ணன்


மார்ச் 9

அண்ணா,

கோபத்தில் கை நீண்டுவிட்டது. தெரிந்த எலும்பு மருத்துவரிடம் சொல்லியிருக்கிறேன், போய்ப் பார். அந்தக் கட்டுரையை நம்பி ஐந்து மாணவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஒரு படிகத்தைக் காட்டி என்னைக் கவிழ்க்காதே. அதுவும் இப்போது இல்லையே. வீட்டோடு முடித்துக்கொள்வோம். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

கோபம் ஒரு தடவை அறையும். நீ கதவைத் திறந்தாய், என் விரல்களைப் பார்த்தாய், மறுபடி அறைந்தாய். இரண்டு படியில் நடந்ததை ஒரே படி என்று எழுதுவது உனக்குப் பழகிவிட்டது.

நீ மிதித்தவை தட்டுகள். உறைந்த படிகங்கள் நான்கு திரவ நைட்ரஜனில் பத்திரமாக இருந்தன. இரண்டை வேறோர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டேன்.

இனி ஆக வேண்டியவை. அனுப்பிய படிகங்களை எக்ஸ் கதிரில் மறுபடி அளப்பது அந்த ஆய்வுக்கூடம். கட்டுரையைத் திரும்பப் பெறுவது நீ. ஐந்து மாணவர்களையும் உட்காரவைத்து, மூன்று நாள் ஊறல் ஏன் தப்பு என்று சொல்வதும் நீ. காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது நான்; நாளை காலை போகிறேன். படியில் விழுந்தேன் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அதைத் திருத்துவது நீ. நேரில் போய். இரண்டு அடியையும் சொல்லி.

அண்ணன்